பின்னால் ஏறிய பிக்கப்

ஊசிப்பாளையத்தில் வண்டிகளுக்கு அறுபது வயதில் பேச்சு வரும். மனுசனுக்கு ஒன்றரை வயதில் வருகிறது, கிளிக்கு இன்னும் முன்னதாகவே வந்துவிடுகிறது, வண்டிக்கு அறுபது ஆகிறது, அவ்வளவுதான். பேச்சு வருவதற்கு முன்னால் உரிமையாளர் தாலுகா ஆபீசில் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். அதில் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று 'பழையபடி ஆக்குதல்', மற்றது 'புதுவிதமாக மாற்றுதல்'. ஏதாவது ஒன்றில் டிக் அடித்து, அதன்படி வண்டியைச் செய்து நிறுத்தினால் வண்டி தன் சொந்தக் குரலில் பேசும். இரண்டையும் காலியாக விட்டால் உரிமையாளரின் குரலில் பேசும். எந்தக் குரலில் பேசினாலும் வண்டி பொய் சொல்லாது. ஆனால் உரிமையாளர் குரலில் வந்தால் அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அர்த்தநாரியின் பச்சை பிக்கப் அறுபத்து நான்காம் வருஷத்து வண்டி. படிவம் பதினெட்டு நாளாக அவர் மேஜை மேல், மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் கிடந்தது. அவ்வளவு யோசனைக்குக் காரணம் இருந்தது. அந்த வண்டிதான் அவருக்கு இருந்த ஒரே சாட்சி.

எழுபத்தொன்றாம் வருஷம் தை மாதம் அவர் மனைவி பாவாத்தாளின் அண்ணன் சென்னியப்பனுக்கு ஏணிமலை உச்சியில் கல்யாணம். சனமெல்லாம் முதல் நாளே மலையேறிவிட்டது. முகூர்த்தத்தன்று விடிகாலையில் அண்டா, குண்டா, அரிசி மூட்டை, ஒன்பது பூசணிக்காய் எல்லாம் ஏற்றிக்கொண்டு அர்த்தநாரி தனியாகக் கிளம்பினார். அடிவாரத்தில் கியர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டு, கடைசியில் ரிவர்ஸ் மட்டும் மிஞ்சியது. மனுசன் அசரவில்லை. வண்டியின் முதுகை மலைக்குக் காட்டி நிறுத்தினார். கழுத்தை இடப்பக்கம் திருப்பினார். நாற்பத்தேழு கொண்டை ஊசி வளைவையும் பின்னாலேயே ஏறினார். சோறு வெந்தது, சனம் சாப்பிட்டது.

பார்த்தவர்தான் யாரும் இல்லை. மாப்பிள்ளை மணவறையில் இருந்தார். மாப்பிள்ளையின் தங்கையான பாவாத்தாள் இணைச்சீர்ச் சடங்குக்கு நின்றுகொண்டிருந்தாள். சமையல்காரர்கள் அண்டாவைப் பார்த்தார்களே தவிர, வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

"பாத்திரம் வந்துச்சுங்க மாப்ள, அதை நான் இல்லைங்கல," என்று சென்னியப்பன் ஐம்பத்து மூன்று வருஷமாகச் சொல்லிவந்தார். "முன்னால வந்துச்சா பின்னால வந்துச்சான்னு யாரு கண்டா?"

"என் கழுத்தைப் பாருங்க மச்சான். அன்னைக்குத் திரும்புனது, இன்னும் நேராகல."

"தலகாணி சரியில்லாமப் படுத்திருப்பீங்க."

படிவம் வந்த சேதி மலைமேல் இருந்த மச்சான் வீட்டுக்கும் போயிற்று. சந்தை நாளான செவ்வாய்க்கிழமை சென்னியப்பன் இறங்கிவந்து, பிக்கப்பை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"புதுசா மாத்திப் போடுங்க மாப்ள. அகலமா டயரு, நீல லைட்டு, பின்னாடி பாட்டுப் பொட்டி. ஜம்முனு இருக்கும். அலாய் வீலு நாலும் என் சீரா இருக்கட்டும்."

தீபாவளிக்கு ஒரு துண்டுகூடக் கொண்டுவராத மச்சான் நாலு வீல் தருகிறாரே என்று அர்த்தநாரிக்கு உறுத்தியது. நேரே பால் பண்ணைக்காரர் வீட்டுக்குப் போனார். அங்கே ஒரு ஜீப்பைக் கல்யாண ஊர்வலத்துக்கென்று மாற்றி நிறுத்தியிருந்தார்கள். அது காலையிலிருந்து தன் பெயின்ட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. பண்ணைக்காரர் பக்கத்தில் போனதும், "நீங்க பொண்ணு வீடுங்களா, மாப்பிள்ளை வீடுங்களா?" என்று கேட்டது. நாற்பது வருஷம் ஓட்டியவரை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

சரி, பழையபடியே ஆக்கிவிடுவோம் என்று முடிவு செய்து, எதற்கும் இருக்கட்டும் என வக்கீலின் காரையும் பார்க்கப் போனார். அதைக் கடைசித் திருகாணி வரைக்கும் பழையபடி ஆக்கியிருந்தார்கள். மரியாதையான கார். ஆனால் தொழிற்சாலை வாசலில் நின்ற நாளுக்கு அப்பால் அதற்கு ஒன்றும் நினைவில்லை. "என்னைக் கூட்டிப்போக யாராவது வருவாங்களா?" என்று எல்லாரையும் கேட்டது. வக்கீல் தினமும் காலையில் அதனிடம் போய்த் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட பிறகுதான் கோர்ட்டுக்குக் கிளம்ப முடிந்தது.

அர்த்தநாரி வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாற்றினால் வண்டி வேறு ஆளாகிவிடும். பழையபடி ஆக்கினால் ஏணிமலையைப் பார்த்தே இராத பிள்ளையாகிவிடும். சும்மா விட்டால் அவர் குரலில் பேசும். அந்தக் குரலைத்தான் ஊர் ஐம்பத்து மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறதே.

பாவாத்தாள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங், பழையபடின்னு போட்டிருக்குதே, எந்த நாளுக்குப் பழையபடின்னு போட்டிருக்குதா?"

அர்த்தநாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படிவத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்தார்.

"போடலை."

"அப்பறம் என்னங்? எங்கண்ணன் கண்ணாலத்தன்னைக்குக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லுங்க."

அவர் முதல் கட்டத்தில் டிக் அடித்தார். ஓரத்தில், '1971, தை 17, காலை ஒன்பதே முக்கால்' என்று எழுதினார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா முத்திரை குத்திவிட்டு, "நிமிசம் வரைக்கும் போட்டிருக்கீங்க. இப்படித்தாங்க எழுதோணும்," என்றார்.

டிங்கர் தஸ்தகீர் பாயின் பட்டறையில் வேலை ஆரம்பமாயிற்று.

"இதுல இருந்த ஒடுக்கெல்லாம் எம்பத்து மூணுல நான் எடுத்ததுங்கண்ணா."

"அதே ஒடுக்கைத் திரும்பப் போடணும் பாய்."

"பார்த்து எடுக்கணும். உள்ளே இருக்கும்."

தஸ்தகீர் எடுத்த ஒடுக்கைத் தூக்கிப் போடுகிறவர் இல்லை. வண்டி நம்பர் எழுதிப் பிஸ்கட் டப்பாக்களில் வைத்திருப்பார். பிக்கப்பின் டப்பாவில் பதினான்கு ஒடுக்குகள், பழைய நியூஸ் பேப்பரில் சுற்றி, ஒன்றுகூடத் துருப்பிடிக்காமல் இருந்தன. அவற்றை இடம் பார்த்து ஒவ்வொன்றாகப் பதித்தார். முன் கண்ணாடியில் கீறல் போட்டார். ரிவர்ஸைத் தவிர மற்ற கியர்களின் பற்களை அரத்தால் ராவினார். அர்த்தநாரி பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "இந்த ஒடுக்கு முப்பத்தொன்னாவது வளைவு. பாறை இடிச்சது. தொட்டுப் பாருங்க." வந்தவர்களும் தொட்டுப் பார்த்தார்கள்.

பேச்சு வரும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. சந்தை மைதானத்தில் பிக்கப்பை நிறுத்தினார்கள். வழக்கமாக வண்டிக்கு முன்னால் வைக்கும் எலுமிச்சம்பழத்தை இந்த வண்டிக்குச் சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தார்கள். அர்த்தநாரி சரிகைக்கரை வேட்டி கட்டி வந்திருந்தார். தாசில்தார் நோட்டோடு வந்திருந்தார். சென்னியப்பன் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பன்னீர் சோடா குடித்தார்.

அர்த்தநாரி ஸ்டியரிங்கைப் பிடித்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி, ஏறியது நினைவில் இருக்கிறதா, சொன்னது நினைவில் இருக்கிறதா? நடுவில் ஏதாவது ஒரு வளைவில், ஒரே ஒரு வளைவில், முன்னால் போய்த் தொலைத்திருந்தால்? ஆனது ஆகட்டும் என்று ரிவர்ஸைப் போட்டார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

பிக்கப் இரண்டு தரம் இருமியது.

"பாத்திரமெல்லாம் இறக்கியாச்சா?" என்றது. தடித்த, களைத்த குரல்.

"இறக்கியாச்சு," என்றார் அர்த்தநாரி.

சென்னியப்பன் சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். "அதிருக்கட்டும். எத்தனை வளைவு பின்னால ஏறுனே?"

"மாப்பிள்ளை எந்திரிச்சு வந்துட்டீங்களே, தாலி கட்டியாச்சுங்களா?" என்று பிக்கப் கேட்டது. சனம் சிரித்தது. "நாப்பத்தெட்டுங்க. எல்லாமே பின்னாலதான்."

"பார்த்தீங்களா!" சென்னியப்பன் எழுந்தேவிட்டார். "மலைல இருக்கறதே நாப்பத்தேழு. மாப்ளயே நாப்பத்தேழுன்னுதான் சொல்வாரு."

"அவரு ரோட்டைப் பார்த்தாருங்க. நான் எண்ணிக்கிட்டு வந்தேன். நாப்பத்தெட்டு."

மைதானத்திலிருந்து பார்த்தால் ஏணிமலை தெரியும். எல்லாரும் ஒரு நிமிஷம் மலையைப் பார்த்தார்கள். வண்டி பொய் சொல்லாது. ஆகவே ஒரு வளைவைக் குறைத்து வைத்திருப்பது மலைதான் என்று தாசில்தார் நோட்டில் எழுதிக்கொண்டார். இத்தனை வருஷமும் தான் ஒரு வளைவு குறைத்தல்லவா சொல்லிவந்திருக்கிறோம் என்று அர்த்தநாரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார். அன்றைக்கு அவரை மைதானத்திலிருந்து வீட்டுக்கு நடக்கவே விடவில்லை. வீட்டுக்கு வீடு கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை முதல் பஸ் மலைக்கு ஆறு நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. முப்பத்தொன்பதாவது வளைவுக்கும் நாற்பதாவதுக்கும் நடுவில் விட்டுப்போயிருந்த வளைவு வந்திருந்தது. அதன் அமைப்பு அப்படி; வண்டிகள் அதைப் பின்னால் போய்த்தான் கடக்க முடிந்தது, ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி. பஸ் அந்த இடத்தில் திரும்பி நிற்கும். கண்டக்டர் விசில் ஊதுவார். சனமெல்லாம் கழுத்தை இடப்பக்கம் திருப்பிக்கொள்ளும்.

அடுத்த நாள் சந்தைக்கு இறங்கிவந்த சென்னியப்பன் அர்த்தநாரி வீட்டுப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பார்வை இடப்பக்கம், காலண்டர் மாட்டிய சுவரில் இருந்தது. அர்த்தநாரியும் அதே சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலகாணி சரியில்லைங்களா மச்சான்?"

"ஆமாங் மாப்ள," என்றார் சென்னியப்பன்.

பாவாத்தாள் பெஞ்சைச் சுற்றிப் போய், இரண்டு பேருக்கும் இடப்பக்கத்திலிருந்து காப்பியை நீட்டினாள்.