பூண்டுக் குளமும் வெறுங்குளமும்

வீச்சுவலையை இழுத்துக் கரையில் கொட்டியதும் கணவன் சொன்ன முதல் வார்த்தை: "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"எது ரெண்டும்?"

"அந்தக் குளத்து இறாலும் இந்தக் குளத்து இறாலும். நல்லாப் பாரு, விஞ்ஞானி."

இறால் தீனியில் பூண்டு கலக்கலாம் என்று வாய் திறந்த அன்றே அவளுக்கு விழுந்த பெயர் அது. போன அறுவடையில் இறாலுக்குள் மருந்து தங்கியிருக்கிறது என்று வாங்குகிறவர்கள் வண்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். நோய் வருமோ என்ற பயத்திலேயே கணவன் பாட்டில் பாட்டிலாகக் கவிழ்த்த மருந்து. அதற்குப் பதில் பூண்டு, மஞ்சள், கீழாநெல்லி என்று அவள் சொன்னபோது அவன் பந்தயம் போட்டான். மேற்குக் குளத்துக்கு அவள் கலவை, கிழக்குக் குளத்துக்கு வெறுந்தீனி. மேற்கு ஜெயித்தால் மருந்துப் பாட்டில் குளத்துப் பக்கமே வராது. இல்லையென்றால் அடுத்த வளர்ப்பில் மருந்துதான். அவள் வாயைத் திறக்கவே கூடாது.

அதற்காக அவள் உரித்த பூண்டுக்கு அளவில்லை. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து எரிந்தது. அரைத்து, கஞ்சியில் குழைத்து, தீனியில் பிசிறி, நிழலில் உலர்த்தி... பிறகு குளத்தில் வீசுகிற வேலையை மட்டும் கணவனின் அக்காவான நாத்தனாரிடம் விட்டிருந்தாள்.

அவள் கிழக்குக் குளத்து இறால் ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். கண்ணாடி போன்ற ஓட்டுக்குள் குடல் நிறைந்து ஒரே கோடாக ஓடியது. நோஞ்சான் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

"ஆக, உன் பூண்டு போட்டாலும் போடாட்டாலும் ஒண்ணுதான்" என்றான் கணவன். "நோய் வந்தா இது எதை நிறுத்தும்? நாளைக்கே மருந்துக்குச் சொல்லிடறேன்."

அவள் கிழக்குக் குளத்துத் தீனித்தட்டைக் கயிறு பிடித்துத் தூக்கினாள். தின்றது போக நாலைந்து உருண்டை மிச்சம் இருந்தது. மஞ்சள் நிறத்தில் இருந்தது. மோந்து பார்த்தாள்.

"அண்ணி!"

கொட்டகையிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "ஏன் இப்படிக் கத்தறே? குளத்துல விழுந்துட்டியா?"

"கிழக்குக் குளத்துக்கு என்ன தீனி போட்டீங்க?"

"தீனிதான்."

"எந்தத் தீனி?"

"நீ பண்ணினதுதான். வேற யாரு பண்றா?"

"அது மேற்குக் குளத்துக்கு மட்டும்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!"

"சொன்னே. நானும் ரெண்டு வேளை அப்படித்தான் போட்டேன். அப்புறம் மனசு கேக்கலை. ஒரே வீட்டுப் பிள்ளைங்க. ஒண்ணுக்கு மணக்க மணக்க, ஒண்ணுக்கு வெறும் தீனியா? ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு வைக்கிற வேலையெல்லாம் என்கிட்ட ஆகாது. இருந்ததை ரெண்டுக்கும் பிரிச்சுப் போட்டேன்."

"இறால், அண்ணி! பிள்ளை இல்லை, இறால்!"

"அதுக்கும் வாய் இருக்கில்ல?"

கணவன் சிரித்தே விட்டான். "சரி விடு. ரெண்டுக்கும் போட்டாச்சு, ரெண்டும் நல்லா இருக்கு. உன் பூண்டுதான் ஜெயிச்சுது. சந்தோஷமா?"

"ஜெயிக்கலை. தோக்கவும் இல்லை. போடாததுன்னு ஒண்ணு இருந்தாத்தானே தெரியும்?"

"கைக்கு வந்ததை வாங்கிக்கக்கூடத் தெரியலையே உனக்கு!"

"இன்னிக்கு வாங்கிக்குவேன். நாலு இறால் நோய் வந்து வெள்ளையாக் கழிஞ்ச அன்னிக்கு, 'நீ என்னத்தை நிரூபிச்சே'ன்னு கேட்டுட்டுப் பாட்டிலைத் திறப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?"

அவன் மறுக்கவில்லை. அவளுக்கு அதுதான் இன்னும் எரிந்தது. சட்டென்று நினைவு வந்து வரப்பு மேட்டில் ஏறினாள். பக்கத்துக் குளத்துக்காரருக்கும் அதே வாய்க்கால் தண்ணீர், அதே இடத்துக் குஞ்சு, கடைத் தீனி. அதோடு ஒப்பிட்டால் போயிற்று!

"அண்ணே, உங்க இறால் எப்படி இருக்கு?"

"தங்கமா இருக்கும்மா!" அவர் இரண்டு கையையும் விரித்தார். "எல்லாம் உங்க அண்ணி குடுத்தனுப்பற மஞ்சத் தீனியோட மகிமை. இன்னொரு வாளி கிடைக்குமா?"

அவள் மெதுவாகத் திரும்பினாள். நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேலிக்கு இந்தப் பக்கம் தின்னா, அந்தப் பக்கத்துக்கு ஏக்கமா இருக்காதா?"

"கலவை ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருதுன்னு எலிக்குப் பொறி வச்சேனே அண்ணி!"

"அதான், பொறியில ஒண்ணும் விழலையே."

அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை, கத்தவும் தெம்பில்லை. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பூண்டு தின்னாத இறால் ஒன்று இல்லை.

"இன்னொரு தடவை குடுங்க" என்றாள் கணவனிடம். "ஒரே ஒரு வளர்ப்பு. மருந்து இல்லாம."

"நான் குடுப்பேன். அக்கா விடுவாளா?"

நாத்தனார் இடுப்பில் கைவைத்து யோசித்தாள். "பட்டினி போடற மாதிரி என்னால பாக்க முடியாது. முறை வச்சுக்கிட்டா சரி. இந்தத் தடவை ஒரு குளத்துக்கு, அடுத்த தடவை மத்ததுக்கு. யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு குளத்துக்கும் தீனி முறை மாறினால், குளத்தின் ராசி என்று சொல்லிக் கணவன் நழுவவும் முடியாது. இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைக்கும்போதே மறுபடியும் எரிச்சல் வந்தது.

"அப்போ ரெண்டு வளர்ப்பு" என்றாள், கணவனைப் பார்த்து. "ரெண்டுலயும் பாட்டில் கிடையாது."

"ஐயோ, உங்க ரெண்டு பேர் நடுவுல நான்... சரி. ரெண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் வாளி போகக்கூடாது."

"அவருக்கு எப்படிச் செய்யறதுன்னு சொல்லிக் குடுத்துடறேன், அவரே பூண்டு உரிக்கட்டும்" என்றாள் நாத்தனார்.

"சரி, முதல் முறை எந்தக் குளம் வெறுந்தீனி, அண்ணி? நீங்களே சொல்லுங்க."

நாத்தனார் மேற்கைப் பார்த்தாள். கிழக்கைப் பார்த்தாள். மறுபடி மேற்கை. வாய் திறந்தது, மூடிக்கொண்டது.

"கிழக்கு சின்னதுடி... மேற்கு பாவம், பழகிடுச்சு..."

"அண்ணி!"

"என்னைக் கேக்காதே! நீயே சொல்லித் தொலை. நான் உள்ளே போனப்புறம் சொல்லு."

காதைப் பொத்திக்கொண்டு நாத்தனார் கொட்டகைக்குள் போனாள்.