நாங்க, நாம

ஐம்பத்திரண்டு வயதில் ஸ்டூடியோவில் எனக்குப் பெயர் குட்டி அக்கா. கார்ட்டூன் படங்களில் ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் குரல். முட்டி வலிக்கிறது என்று சொன்னால்கூடச் சிரிக்கிறார்கள், கொஞ்சுகிற மாதிரி இருக்கிறதாம்.

இந்தப் படத்தில் ஒரு சிறுமி லிப்டில் ஏறுகிறாள். அது நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்று, கதவு இன்னொரு உலகத்தில் திறக்கிறது. அங்கே அதே வீடு, அதே மஞ்சள் செருப்பு, அச்சு அசலாக அதே சிறுமி. ஒரே வித்தியாசம், அவளுக்கு அம்மா இல்லை. அப்பாவும் அவளும்தான்.

இரண்டு பேருக்கும் நானே பேசுவதாக ஏற்பாடு. பத்து மணிக்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா எது யாருன்னே தெரியல."

அம்மா இல்லாத சிறுமிக்கு மூக்கால் பேசிப் பார்த்தேன், ஜலதோஷம் பிடித்தது. தொண்டையைத் தாழ்த்தினேன், அவளே அப்பா ஆகிவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. மதியம் வரைக்கும் பாப்போம். சரிவரலைன்னா அந்தப் பொண்ணைப் பேச வச்சிடலாம்."

வெளியே சோபாவில் வேறொரு குரல்காரி தயாராக உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண்தான். ஆனால் எனக்கு இரட்டை வேஷம் வாய்த்ததே இப்போதுதான். விடுவதாக இல்லை.

இடைவேளையில் மகளுக்குப் போன் போட்டேன். கல்யாணமாகி நாலு தெரு தள்ளி இருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரலம்மா. நாங்க பீச்சுக்குப் போறோம்."

நாங்க என்றால் அவள், மாப்பிள்ளை, பேத்தி. முன்பெல்லாம் அவள் வாயில் 'நாம'தான் வரும். சுருக்கென்றது. சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

அதே எரிச்சலோடு வசனத்தாளைப் புரட்டினேன். அம்மா இல்லாத சிறுமி, லிப்டில் வந்தவளிடம் "இது நம்ம வீடு" என்கிறாள். இரண்டு பேரும் ஒரே ஆள்தானே என்று தமிழ் வசனம் எழுதியவர் நினைத்திருக்கிறார்.

"தம்பி, இவ நம்மன்னு சொல்ல மாட்டா. எங்க வீடுன்னுதான் சொல்லுவா. வந்தவளை வாசல்லயே நிறுத்துறா."

"படத்துல அவ உதட்டசைவோட பொருந்தணுமேக்கா."

"நம்மன்னா உதடு மூடணும். படத்தைப் போட்டுப் பாருங்க, மூடுதான்னு."

போட்டுப் பார்த்தார். மூடவில்லை.

குரலை நான் மாற்றவே இல்லை. "இது எங்க வீடு" என்றேன். வேறொருத்தி பேசினாள். டைரக்டர் தலையிலிருந்து கையை எடுத்தார். அவள் பேசும் இடமெல்லாம் நாங்க, எங்க என்று மாற்றிக்கொண்டே போனோம்.

கடைசிக் காட்சி. லிப்ட் கதவு திறக்கவில்லை. இனி வீட்டுக்குப் போகவே முடியாது என்று வந்தவள் அழுகிறாள். மற்றவள் அவள் கையைப் பிடிக்கிறாள்.

"இங்கயும் நாங்கதானாக்கா?"

"இல்ல தம்பி. இப்ப உதடு மூடுது பாருங்க."

"அழாத. நாம கண்டுபிடிப்போம்" என்றேன். குரல் உடைந்துவிட்டது. இன்னொரு டேக் கேட்பார் என்று நின்றேன். அவர் கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் நீங்கதான்க்கா."

வெளியே வந்ததும் மறுபடி போன் போட்டேன்.

"நாங்க இல்லடி, நாம. ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புறோம்?"



"மணல்ல நடந்தா உனக்கு முட்டி வலிக்குமேன்னுதான்மா கூப்பிடல."

"வலிக்கட்டும்."

"அப்ப நாலு மணிக்கு ரெடியா இரு. நாம மெதுவா நடப்போம்."