செவ்வாயா, வெள்ளியா

1

ஒரு போன் பேசுவதைத் தள்ளிப்போடத்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். மகளின் காதில் அறுவை சிகிச்சை. செவ்வாயா, வெள்ளியா என்று ஐந்து மணிக்குள் மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். இப்போது மணி மூன்றரை.

'நான்' என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது. ஆகவே 'அவன்'.

2

அவன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். பிற்பகலில் அந்த இருட்டறை குளத்தின் அடி மாதிரி இருக்கும். சுவரில் எழுத்துகள் மட்டும் ஒளிரும். தெருவின் சத்தம் தண்ணீருக்கு மேலே எங்கோ போகும். அவன் மனைவி மெல்ல வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து

(வேண்டாம். எழுத முடிகிறது என்பதற்காக இறந்தவளைக் கூட்டிவரக் கூடாது.)

2, மறுபடியும்

உயிரோடிருந்தபோது அவள் எதையும் அவனிடம்தான் கேட்பாள். எந்த வீடு, எந்தப் பள்ளி, திரைச்சீலைக்குப் பச்சையா நீலமா. அவன் ஒன்றைச் சொன்னதும் கண்ணை மூடி அதைக் கடவுளிடம் ஒப்படைப்பாள்.

"திரைச்சீலைக்குமா? அவருக்கு வேற வேலையே இல்லையா?"

"இருக்கு. உங்களை ஒரு முடிவு எடுக்க வைக்கறதே பெரிய வேலை."

அவளுடைய இதயத்தில் அறுவை சிகிச்சை என்றபோதும் இரண்டு கிழமைகள் கொடுத்தார்கள். செவ்வாய், வெள்ளி. செவ்வாயன்று கடையில் வேறு ஆள் இல்லை. அவன் வெள்ளி என்றான். "சரி, மீதியை அவர் பார்த்துப்பார்" என்றாள்.

வியாழன் காலை இறந்தாள்.

(அதே இரண்டு கிழமைகள். நான் புனைந்திருந்தால் வேறு வைத்திருப்பேன்.)

3

அவன் அக்கா போனில்:

"ரெண்டுல ஒண்ணைச் சொல்றதுக்கு என்னடா? செருப்பு வாங்கவே மூணு கடை ஏறி இறங்குற ஆளு நீ."

"நீயே ஒண்ணு சொல்லேன்க்கா."

"சொல்வேன். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் மூஞ்சியில முழிக்க மாட்டே. நீதான்டா அப்பன், நீயே சொல்லு. இதை விட்டா மூணு மாசம் ஆகுமாம். அதுக்குள்ள அந்தக் காது போயிடும்."

4

அடுத்து வந்தவர் பஸ் டிரைவர். பெரிய உருவம். நாற்காலியில் குழந்தை மாதிரி ஒடுங்கி உட்கார்ந்தார். அவன் லென்ஸை மாற்றி மாற்றிக் காட்டினான்.

"இது தெளிவா, அது தெளிவா?"

"ரெண்டாவது. இல்ல இல்ல, மொதல்ல காட்டினது. சார், தப்பா சொல்லிட்டேன்னா வேலைக்கே உலை வச்சிருவாங்களே!"

எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னான். "இதுல தப்புன்னு எதுவும் இல்லண்ணே. தெரியறதைச் சொல்லுங்க. அதை வச்சு அடுத்த லென்ஸை நான் மாத்திக்குவேன். சொல்லாம இருந்தாத்தான் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

சொல்லிவிட்டு அப்படியே நின்றான். தன் குரலில் வேறு யாரோ பேசியது போலிருந்தது. சுவர் எழுத்துகள் தண்ணீரில் அசைந்தன. அறை மிதந்தது.

"சார், இருக்கீங்களா? இருட்டுல என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க."

(இங்கேயே முடித்திருக்கலாம். நம்பிக்கை திரும்பியது, நன்றி, வணக்கம். ஆனால் வியாழன் காலை என்று ஒன்று இருக்கிறதே. அவளுக்கான அடுத்த லென்ஸ் எங்கே? கதைக்குள் தேடினேன், இல்லை. கதைக்கு வெளியிலும் இதுவரை கிடைக்கவில்லை. ஒருவேளை மேலேயிருந்து பரிசோதிக்கிறவருக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு வாக்கியம் எழுதி, அடித்து, மறுபடி எழுதி)

6

(ஐந்தைக் கிழித்துவிட்டேன். அதில் எல்லாம் சுபமாக முடிந்தது.)

மணி நான்கு ஐம்பது. மகள் கடை மேசையில் படம் வரைகிறாள். எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் வலது பக்கமே திரும்புகிறாள். அவன் போனை எடுத்தான்.

"சொல்லுங்க சார், எந்த நாள் வச்சுக்கலாம்?"

செவ்வாய் என்று ஒரு முடிவு எழுதினேன். வெள்ளி என்று இன்னொன்று. இரண்டுக்கும் பிறகு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே கிழமை வரும் இடத்தைக் காலியாக விடுகிறேன். நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். அவன் குரல் நடுங்கியதை மட்டும் மாற்றாதீர்கள்.

"................" என்றான்.

"சரி சார். எழுதிக்கிட்டேன்."