பிரெட்டை நிறுத்திய பதினேழு நாள்

பிரெட் தொழிற்சாலையின் பாக்கிங் பிரிவில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. துண்டு போடும் இயந்திரத்திலிருந்து வரிசையாக வரும் பிரெட்டைப் பையில் சரித்து, பையின் வாயைத் திருகி, கிளிப் மாட்டி, தட்டில் அடுக்க வேண்டும். வேகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் ‘கிளிப்பக்கா’. யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ என்று அவளே திரும்பிப் பார்ப்பாள்.

தொழிலாளிகளுக்கு வாரம் மூன்று பிரெட் இலவசம். வீட்டில் காலைச் சாப்பாடு அதுதான். அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். விடிவதற்குள் டிப்போவில் இருக்க வேண்டும். நான்கு துண்டு வெள்ளை பிரெட், மேலே தாராளமாக ஜாம், தொட்டுக்கொள்ள இனிப்பான டீ. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வாய்க்கும் ருசி, அவளுக்கும் அடுப்படி வேலை மிச்சம்.

டிப்போவில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை நடந்தபோது அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. டாக்டர் இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்து, இனிப்பைக் குறைக்கவும், வேளைக்குச் சாப்பிடவும் சொல்லி அனுப்பினார். அன்று மாலையே நாத்தனார் வந்துவிட்டாள். துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். உலகத்தில் அவளுக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. எல்லாம் செல்போனில் வருவது.

“அண்ணி, எங்க அண்ணனுக்கு இந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? உங்க பாக்டரிலேருந்துதான். பிரெட்னா வெள்ளை விஷமாம். ஒரு டாக்டரே சொல்றாரு, பாருங்க.”

“நீ சும்மா இரு. நான் பிரெட்டை மட்டுமா தின்னேன்?” என்று அவர் சிரித்தார். நாத்தனாரும் சிரித்தாள். பேச்சு வேறெங்கோ போய்விட்டது. ஆனால் ‘விஷம்’ என்ற அந்தச் சொல் கிளிப்பக்காவை விட்டுப் போகவில்லை. தைத்த முள் உள்ளேயே நின்றுவிட்டது.

மறுநாள் வேலையில் கை ஓடிக்கொண்டிருந்தது, மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வாரம் மூன்று. வருடத்துக்கு நூற்றைம்பதுக்கு மேல். பதினோரு வருடத்துக்கு? ஆயிரத்து எழுநூறு பிரெட். அத்தனையையும் அவள்தான், தன் கையால், பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கட்டின புருஷனுக்கு வேளை தவறாமல் விஷம் வைத்தவள் என்று தன்னையே பார்த்தாள். இரண்டு பை கிளிப் இல்லாமலே போய்விட்டன. பதினோரு வருடத்தில் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் இருந்த பிரெட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். ஜாம் பாட்டிலும் போனது. மறுநாள் விடிகாலை தட்டில் இரண்டு அவித்த முட்டையும், வெள்ளரிக்காய் வில்லைகளும் இருந்தன. டீயில் சர்க்கரை இல்லை.

அவர் தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“இனிமே இதுதானா?”

“இதுதான்.”

“நல்லாத்தான் இருக்கு” என்று வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டே, மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அதற்குப் பிறகு அவருக்குச் சாப்பாட்டு இடைவேளை பதினொன்றரைக்குத்தான்.

முதல் வாரம் நன்றாகவே போனது போலத் தெரிந்தது. எடை பார்க்கும் மெஷினில் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வேலையிடத்தில் பார்ப்பவர்களிடமெல்லாம் பிரெட் தின்னாதீர்கள் என்று பிரசங்கம் செய்தாள். மாவு பிசையும் பிரிவின் மேஸ்திரி காதிலும் அது விழுந்தது.

“என்னக்கா, விஷம்னு சொன்னீங்களாமே? அப்ப நான் இருபது வருஷமா விஷமா பிசையறேன்? தின்ன ஊர் முழுக்க உயிரோடதானே இருக்கு!”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

பத்தாவது நாள் துண்டுக்காக அவர் சண்டை போட்டார். குளித்துவிட்டு வந்தவர், துவட்டும் துண்டு கொடியில் இல்லையென்று கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. இருபது வருடத்தில் அவர் அப்படிக் கத்திக் கேட்டதில்லை. நெற்றி வியர்த்திருந்தது, இப்போதுதான் குளித்த மனுஷனுக்கு. டம்ளரை எடுத்த விரல்கள் லேசாக ஆடின.

அவள் நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

“அது அப்படித்தான் அண்ணி. பல வருஷம் சேர்ந்த விஷம் இறங்குதில்ல? கை நடுங்கும், கோபம் வரும். பயந்து விட்டுடாதீங்க. அரைக் கிணறு தாண்டக் கூடாது.”

அவள் விடவில்லை. ஆனால் உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது. வேலை நடுவே மூன்று தடவை கழிப்பறைப் பக்கம் போய் அவருக்குப் போன் செய்தாள். ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார் என்று தெரிந்தும் செய்தாள். பன்னிரண்டாம் நாள், அடுக்கிய தட்டுகளுக்குப் பின்னால் நின்று, சூடு ஆறாத பிரெட்டின் ஓரத்துண்டு ஒன்றை வாயில் அடைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. ருசியாலா, திருட்டுத்தனத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு இயந்திரத்துக்குத் திரும்பினாள்.

பதினேழாம் நாள் காலை பத்து மணிக்கு சூப்பர்வைசர் வந்து அவள் தோளைத் தொட்டார்.

“டிப்போலேருந்து போன். உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுமில்லையாம். ஆனா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றாங்க.”

‘ஒண்ணுமில்லை’ என்று தொடங்கும் செய்தியில் எல்லாமே இருக்கும். தலைமுடிக்கு மாட்டிய வலையைக்கூடக் கழற்றாமல் ஓடினாள்.

நடந்தது இதுதான். சந்தைச் சந்திப்பில் திரும்ப வேண்டிய பேருந்து திரும்பவில்லை. அவர் வேகத்தைக் குறைத்திருக்கிறார், ஓரம் கட்டப் பார்த்திருக்கிறார். முன் சக்கரம் நடைபாதையில் ஏறி, தெருப்பெயர்ப் பலகையைச் சாய்த்துவிட்டு நின்றது. என்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டவரிடம் குழறலாக, “எந்தப் பக்கம் போகணும்?” என்றாராம். குடித்திருக்கிறான் என்று ஒருவர் சட்டையைப் பிடித்தார். இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுத்தார். பின் சீட்டில் குழந்தையோடு இருந்த ஒரு பெண்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவர் சட்டை தொப்பலாக நனைந்திருப்பதைப் பார்த்தவள். அவள் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. குழந்தையின் பாட்டிலில் இருந்த ஆரஞ்சுச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாயில் ஊற்றினாள். கால் மணி நேரத்தில் அவர் நிமிர்ந்து பார்த்து, “ஏன் எல்லாரும் நிக்கறீங்க? உட்காருங்க, வண்டி எடுக்கணும்” என்றார்.

பேருந்தில் முப்பத்தெட்டுப் பேர். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், கையில் பைலோடு, நின்றபடியே விசாரித்தாள்.

“காலைல என்ன சாப்பிட்டார்?”

“ரெண்டு முட்டை. வெள்ளரிக்காய்.”

“அவ்வளவுதானா? மாத்திரை?”

“அதை ஒரு நாளும் விட்டதில்லைங்க.”

நர்ஸ் பைலை மூடினாள்.

“அந்த மாத்திரை, சாப்பாடு வரப்போகுதுன்னு நம்பி சர்க்கரையை இறக்கும்மா. சாப்பாடு வரலைன்னா அதுக்குத் தெரியாது. இறக்கிக்கிட்டே போகும். முட்டையிலயும் வெள்ளரிக்காயிலயும் அதுக்கு வேண்டியது கிடையாது. சாதமோ, பிரெட்டோ, ஓட்ஸோ, எதாவது ஒண்ணு அளவா இருக்கணும். இத்தனை நாளா கை நடுக்கம், வேர்வை, கோபம் ஒண்ணும் இல்லையா?”

“இருந்துச்சு. விஷம் இறங்குதுன்னு நினைச்சேன்.”

“விஷமா? எந்த விஷம்?”

“பிரெட்.”

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தலைவலையையும், ஏப்ரனில் அச்சடித்திருந்த தொழிற்சாலைப் பெயரையும் பார்த்தாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். அடக்கிக்கொண்டாள்.

“அப்ப பிரெட் நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்று அவள் கேட்டாள். நர்ஸின் பைலைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு ஒரு முடிவு தெரியணும்.”

“ஒரே வார்த்தைல எப்படிம்மா சொல்றது? எத்தனை துண்டு, எந்த மாவு, கூட என்ன? நாலு துண்டு வெள்ளை பிரெட், மேல ஜாம், இனிப்பு டீன்னு தினமும் தின்னா சர்க்கரை ஏறத்தான் செய்யும். முழு கோதுமைல ரெண்டு துண்டு, கூட முட்டை, கீரைன்னா அவருக்கு ஒத்துவரலாம். பிரெட்டைக் குறைச்சது தப்பில்லை. அந்த இடத்தைக் காலியா விட்டதும், டாக்டர்கிட்ட கேட்காததும்தான் தப்பு.” அடுத்த கட்டிலிலிருந்து யாரோ கூப்பிட, நர்ஸ் போய்விட்டாள்.

கட்டிலில் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சட்டைக் காலர் கிழிந்திருந்தது.

“உங்களுக்கு முடியலன்னு ஏன் சொல்லல?”

அவர் சுவரைப் பார்த்தபடியே கிழிந்த காலரை மடித்துவிட்டார்.

“நீ தினமும் எடை பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டே. சொன்னா ஒடிஞ்சு போயிடுவியோன்னு...”

“முப்பத்தெட்டுப் பேருங்க!” அவள் கத்திவிட்டாள். வார்டே திரும்பியது. “என் சந்தோஷத்துக்கு முப்பத்தெட்டுப் பேரா?”

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. வராந்தாவுக்குப் போய் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தாள். கோபம் அவர்மேலா, தன்மேலா, நாத்தனார்மேலா என்று பிரித்தெடுக்க முடியாமல் நடந்தாள்.

மதியத்துக்குள் வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. ‘குடிகார டிரைவர்’ என்று தலைப்பு. முதலில் பார்த்தவள் நாத்தனார்தான். கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவள், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து, முகம் தெரியாத நூறு பேரோடு விரலாலேயே சண்டை போட்டாள். “எங்க அண்ணன் காபிகூட ரெண்டாவது டம்ளர் கேட்க மாட்டாரு, இவனுங்க குடிகாரன்னு போடறானுங்க” என்று முணுமுணுத்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி, “அண்ணி, நான் சொன்னதைக் கேட்டுத்தானே...” என்று தொடங்கினாள்.

“நீ சொன்னே. நிறுத்தினவ நான்.”

“என்னைத் திட்டிடுங்க அண்ணி. மனசு ஆறும்.”

“திட்டறதுக்கு எனக்கு இப்ப தெம்பில்லை. நாளைக்கு வா, சேர்த்துத் திட்டறேன்.”

இருவரும் சிரித்தார்கள். அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு அது.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவியைக் கொடுத்து, தினமும் எழுதி வரச் சொன்னார். இரத்தப் பரிசோதனையில் மது இல்லை என்று எழுதிய தாளை டிப்போ மேனேஜர் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். ஆனாலும் ஓட்டத் தகுதி என்று டாக்டர் மறுபடி எழுதிக் கொடுக்கும்வரை வண்டி கிடையாது என்றார். கணவர் டிப்போ அலுவலகத்தில் உட்கார்ந்து வண்டிகளின் புறப்பாட்டு நேரம் எழுதினார். ஓடும் வண்டியில் இருந்து பழகிய மனுஷன். நாற்காலியிலும் வலது கால் பிரேக்கைத் தேடியது.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று நேரே மாவு பிசையும் பிரிவுக்குப் போனாள்.

“மேஸ்திரி, நம்ம பழுப்பு பிரெட் கோதுமைதானே? வீட்டுக்கு அதையே எடுத்துக்கிட்டுப் போகட்டா?”

மேஸ்திரி மாவுக் கையைத் தட்டிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

“விஷம்னீங்க, இப்ப மருந்துங்கறீங்களா? அதுல பாதிக்கு மேல வெள்ளை மாவுதான் அக்கா. நிறம் கருக்கின சர்க்கரையில வர்றது. இதுல ரகசியம் ஒண்ணுமில்லை, பை பின்னாடியே போட்டிருக்கு.”

அவள் ஒரு பையைத் திருப்பிப் பார்த்தாள். பொடி எழுத்தில் இருந்தது. லட்சக்கணக்கில் பை வாயைத் திருகியவள், ஒரு பையையாவது திருப்பிப் பார்த்ததில்லை. நின்றபடியே ஒவ்வொரு ரகத்தின் பையையும் எடுத்துப் படித்தாள். முழுக் கோதுமை மாவு மட்டும் முதலில் எழுதியிருந்தது ஒரே ஒரு ரகத்தில். அது வாரத்தில் இரண்டு நாள்தான் அடுப்பேறும்.

அதை எடுத்து வந்தாள். இரண்டு துண்டு, முட்டை, வதக்கிய கீரை. இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தார்கள். நூற்று நாற்பத்தாறு. எழுதிக் கொண்டுபோய்க் காட்டியபோது டாக்டர் சரியென்று தலையாட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஆசைக்கு மூன்றாவது துண்டு எடுத்தார். எண் ஏறியது. அவரே, “சரி, மூணு எனக்கு ஆகாது” என்று எழுதி வைத்தார். பிரெட் இல்லாத நாளில் ஓட்ஸ். அவள் எதையும் விரட்டவில்லை, எதையும் கும்பிடவுமில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை ஊசி அவர் விரலில் இறங்கும்போதும், எண் வரும்வரை அந்த ஐந்து நொடி, அவள் மூச்சு விடுவதில்லை.

மூன்று மாதம் கழித்து, ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் நாள் காலை ஒன்பது மணி வண்டியில், அவரிடம் சொல்லாமல், அவள் ஏறிக்கொண்டாள். அவருக்கு நேர் பின்னால் மூன்றாவது சீட். அவருடைய பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்க்கிறதா? காலர் நனைகிறதா? சிக்னலில் கை ஆடுகிறதா? சந்தைச் சந்திப்பு வந்தபோது முன்சீட்டுக் கம்பியை அவள் இறுகப் பிடித்தாள். வண்டி மெதுவாகி, வளைந்து, சுத்தமாகத் திரும்பியது. பக்கத்து சீட்டில் இருந்த வயதான அம்மாள், “என்னம்மா, வண்டி ஒத்துக்கலையா?” என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

கூட்டம் இறங்கியது, ஏறியது. அவர் கண்ணாடியில் பார்த்தார்.

“ஏம்மா, கிளிப்பக்கா” என்றார், திரும்பாமலே. “உன் பாக்டரி ஸ்டாப் தாண்டி ரெண்டு ஸ்டாப் ஆச்சு.”

அவள் எழுந்தாள். கதவுவரை போனாள். வண்டி நின்றது.

“இறங்கு. நேரமாகலையா?”

“அடுத்த ஸ்டாப்ல இறங்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.