சிவப்பில் ஒரு எண்

“சிவப்புல போட்டிருக்கேன்மா! மேலயே, இவ்ளோ பெருசா! கண்ண எங்க வெச்சிருந்த நீ?”

தம்பி கத்திய கத்தலில் கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நடுவில் அப்பாவைக் கிடத்தியிருந்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “பார்த்தேன்டா. மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்டா” என்றாள்.

காப்பித் தட்டோடு வந்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை, அதற்குள் அம்மாவைக் கூண்டில் ஏற்றியாயிற்று.

“டேய், வாய மூடு. எந்த இடத்துல நின்னு என்ன பேசற?”

“நீ சும்மா இருக்கா. நேத்து நீ இங்க இருந்தியா?”

அவள் இல்லைதான். விடியும்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தாள். நடந்ததெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும். நேற்று சாயங்காலம் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலேயே சரிந்திருக்கிறார். தம்பி வெளியே போயிருந்தான். வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. ஆனால் அவசரத்துக்கு ஒரு எண் உண்டு, கூப்பிட்டால் டாக்டரும் வண்டியும் வந்துவிடும். அந்த எண் போன மாதம்தான் மாறியது. ஆஸ்பத்திரியின் வெப்சைட்டைச் செய்து கொடுத்ததே தம்பி. “இதயெல்லாம் எதுக்கும்மா எழுதி வெக்கற, சைட்டுல பாத்துக்கோ” என்று தன் லேப்டாப்பில் பெருமையாக வேறு காட்டியிருந்தான். அம்மா அதை நம்பினாள். நேற்று அந்தப் பக்கத்தையே தேடு தேடென்று தேடியதில் வேறு யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. கடைசியில் செருப்புக்கூட இல்லாமல் தெருவில் ஓடி, போகிற வண்டியை மறித்திருக்கிறாள். வண்டியோடு திரும்பி வந்தபோது அப்பா இல்லை.

“உங்க அத்தை வந்து கேப்பாங்க. நான் என்னன்னு சொல்லுவேன்?” என்றாள் அம்மா.

அத்தை அப்பாவின் அக்கா. வருகிற வழியிலேயே எல்லோருக்கும் ஃபோன் போட்டு, ஒரு நம்பரைத் தேடத் துப்பில்லையா அவளுக்கு என்று கேட்டுக்கொண்டு வருகிறாள். துக்கம் கேட்க வந்தவர்களும் சும்மா இல்லை. கொஞ்சம் நிதானமாப் பாத்திருக்கலாம், பதறிட்டீங்க போல, பக்கத்து வீட்டையாவது தட்டியிருக்கலாம் என்று ஆளாளுக்கு ஒரு வார்த்தை. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைத்தான் அக்காவால் பார்க்க முடியவில்லை. இந்தப் பொம்பிளை மிச்ச காலம் முழுக்க இப்படியே தலையாட்டிக்கொண்டு இருக்கப் போகிறாளா?

தட்டைக் கீழே வைத்துவிட்டு, “குடும்மா” என்று ஃபோனை வாங்கினாள்.

அந்தப் பக்கத்தின் மேலே, படத்தில் டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே வேலை நேரம், அதற்குக் கீழே ஏதோ பரிசோதனைக்குத் தள்ளுபடி. கடைசிவரை தள்ளினாள். மறுபடி மேலே வந்தாள். சிவப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

ஃபோனை அம்மாவின் பக்கத்தில் போட்டுவிட்டுத் தம்பியின் அறைக்குள் போனாள். மேசையில் லேப்டாப் திறந்தே கிடந்தது. அதில் அதே பக்கம். டாக்டரின் தலைக்கு மேலே, தம்பி சொன்ன மாதிரியே, கொட்டை எழுத்தில் சிவப்புப் பெட்டி, நடுவில் எண். ஒரு நிமிஷம் அவளுக்குத் தன் கண் மேலேயே சந்தேகம் வந்தது.

ஆனால் அவள் அச்சகத்தில் புத்தகப் பக்கங்களை வடிவமைப்பவள். அச்சகத்தின் சைட்டையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பெரிய தாளில் அழகாக உட்காரும் ஒன்று சின்னத் தாளில் என்ன பாடுபடும் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தின் ஓரத்தை மவுஸால் பிடித்து மெல்ல உள்ளே தள்ளினாள். டாக்டர் குறுகினார். எழுத்துகள் இரண்டாக மடங்கின. ஃபோன் அகலத்துக்கு வந்ததும் சிவப்புப் பெட்டி சட்டென்று காணாமல் போயிற்று. அகலமாக்கினாள், வந்தது. குறுக்கினாள், போயிற்று.

“அடப்பாவி” என்றாள்.

எந்த எழுத்து என்ன நிறம், எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்பதெல்லாம் சைட்டின் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைல் ஃபைலில் எழுதியிருக்கும். திறந்தால், ஒன்றுக்கு ஐந்து வைத்திருந்தான். ஸ்டைல், ஸ்டைல் புதுசு, ஸ்டைல் ஃபைனல், ஃபைனல் இரண்டு, இதுதான் ஃபைனல். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பெட்டியின் நிறத்தை மாற்றிப் பார்த்தாள். நான்கில் ஒன்றும் நடக்கவில்லை. ‘ஃபைனல் இரண்டு’தான் உயிரோடு இருந்தது. அதன் அடிவாரத்தில் ஒரே ஒரு வரி: திரை ஃபோன் அளவுக்குச் சிறியதானால் இந்தப் பெட்டியைக் காட்டாதே. பக்கத்தில் அவனே போட்டுக்கொண்ட குறிப்பு: தற்காலிகம்.

கதவு திறந்தது. தம்பி நின்றான். திரையைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப் போயிற்று.

“ஃபோன்ல பாக்கும்போது அது டாக்டர் மூஞ்சி மேல போய் விழுந்துச்சுக்கா. அவருதான் அசிங்கமா இருக்கு, எடுன்னாரு. சின்னதா வேற ஒண்ணு பண்ணி வெக்கலாம்னுதான்...”

“எப்ப?”

அவன் கதவின் தாழ்ப்பாளை நிமிண்டினான்.

“மூஞ்சி மேல விழுந்துச்சா? இப்ப யாரு விழுந்து கெடக்கறாருன்னு போய்ப் பாரு. இது உனக்குத் தெரிஞ்சுதான் அங்க நின்னு அந்தக் கத்து கத்துனியா?”

“சத்தியமா மறந்துட்டேன்க்கா. என் கண்ணுக்கு எப்பவும் லேப்டாப்புல தெரியுமில்ல...”

“மொதல்ல அந்த வரிய எடு. இன்னைக்கு வேற எவ வீட்டுல எவ தேடறாளோ.”

அவன் உட்கார்ந்தான். வரியை அழித்து சேவ் செய்தான்; சைட்டிலும் அப்போதே மாறியது. கொஞ்ச நேரம் பக்கத்தைக் குறுக்கியும் அகட்டியும் பார்த்தான். இப்போது பெட்டி எந்த அளவிலும் நின்றது. டாக்டரின் மூக்குக்கு மேலே, அசிங்கமாக.

“போய் அம்மாகிட்ட சொல்லு.”

“எல்லாரும் போகட்டும்க்கா. சொல்றேன்.”

“கத்தும்போது எல்லாரும் இருந்தாங்கல்ல?”

அதற்குள் கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வீறிட்டது. நேற்றிலிருந்து கேட்ட அழுகையெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்ட குரல். அக்கா ஓடினாள்.

“இருக்கே! ஐயோ, இருக்கே! இங்கதானே இருக்கு! என் கண்ணு அவிஞ்சு போச்சே! நானே கொன்னுட்டேனே!”

அக்கா போட்டுவிட்டுப் போன ஃபோனை எடுத்து அம்மா மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தாள். சிவப்புப் பெட்டி பளிச்சென்று இருந்தது. பக்கத்திலிருந்த ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, “ஆமா, இருக்கே” என்று உச்சுக்கொட்டினாள். அம்மா தன் முகத்தில் தானே அறைந்துகொண்டாள்.

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லுவான் என்று பார்த்தாள். அறை வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான் அந்தத் தடியன்.

அப்போது வாசலில் கார் வந்து நின்றது. அத்தை வந்துட்டாங்க என்று கூடம் எழுந்து வெளியே போயிற்று. அக்கா உள்ளே போய் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழித்த வரியை அதே இடத்தில் திரும்ப எழுதி சேவ் செய்தாள்.

“இப்பப் பாரும்மா. பக்கத்தக் கீழ இழுத்துவிட்டுப் பாரு.”

அம்மா இழுத்தாள். பெட்டி போயிற்று. டாக்டர் மட்டும் சிரித்தார்.

“நேத்து உன் ஃபோன்ல இப்படித்தாம்மா இருந்துச்சு. நீ ஒழுங்காத்தான் தேடியிருக்க. ஃபோன்ல தெரியாத மாதிரி மறைச்சு வெச்சது இவன். இப்ப நான் எடுக்கச் சொன்னேன், அதான் வந்துச்சு.”

அம்மா ஃபோனைப் பார்த்தாள். அறை வாசலில் நின்ற மகனைப் பார்த்தாள். அவன் “அம்மா” என்றான். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

அத்தை வந்தாள். அப்பாவின் காலடியில் விழுந்து அழுது ஓய்ந்ததும் நிமிர்ந்தாள். அவளுக்குப் பின்னால் கூடம் நிறைந்திருந்தது.

“ஏண்டி, ஒரு நம்பரப் பாத்துப் போட முடியலையா உன்னால? புள்ள அவ்ளோ பெருசா போட்டு வெச்சிருக்கானாமே!”

அக்கா வாயைத் திறந்தாள். அம்மாவின் கை அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தது. எலும்பு வலிக்கிற பிடி.

“இருந்துச்சு அண்ணி” என்றாள் அம்மா. “நான்தான் சரியாப் பாக்கல.”

தம்பி ஓவென்று அழுதான். அத்தை அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். “அப்பன் போன துக்கத்துல எப்படி ஒடஞ்சுட்டான் பாரு புள்ள” என்று முதுகைத் தடவினாள்.

அக்கா கையை இழுத்துப் பார்த்தாள், அம்மா மணிக்கட்டை விடவில்லை. மடியிலிருந்த லேப்டாப்பில் அந்த வரி இன்னும் இருந்தது. இடது கையால் அதை ஒவ்வோர் எழுத்தாக அழித்து சேவ் செய்தாள்.