அப்பாவின் கிழங்கு

நூலக மாடியில் சனிக்கிழமை காலை ஓவிய வகுப்பு நடத்துகிறவளுக்கு அன்று பொறுமை எள்ளளவும் மிச்சமில்லை. வந்திருந்த பன்னிரண்டு பேரில் ஒருவர் அவளைப் பெற்ற அப்பா. ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர். வீட்டில் இருந்தால் உயிரை எடுக்கிறார் என்று அம்மாதான் துரத்தி விட்டிருந்தாள்.

ஆளுக்கொரு உருளைக்கிழங்கைக் கொடுத்து, "அரை மணி நேரம். பார்த்துப் பார்த்து வரையுங்க" என்றாள்.

மூன்றாவது நிமிடமே அப்பா பென்சிலை வைத்துவிட்டார். தாளில் ஒரு நீள்வட்டம், உள்ளே நாலு புள்ளி.

"அப்பா, கிழங்கை ஒரு தடவையாவது பார்த்தீங்களா?"

"அதுல பார்க்க என்னம்மா இருக்கு? எல்லாம் ஒண்ணுதானே."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளையும் அக்காவையும் பெயர் மாற்றிக் கூப்பிட்டபோதெல்லாம் அவர் சொன்னதும் இதேதான்.

நேரம் முடிந்ததும் கிழங்குகளைக் கூடையில் போட்டுக் குலுக்கி மேசையில் கொட்டினாள். "இப்ப படத்தை வெச்சு அவங்கவங்க கிழங்கைக் கண்டுபிடிங்க."

கொஞ்ச நேரத்தில் சண்டை. ஒரே கிழங்கை அப்பாவும் வகுப்புக்கு வந்திருந்த ஒரு நர்ஸும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், இது என்னோடது."

"என்கிட்ட இருந்தது எனக்குத் தெரியாதா?"

மகள் இரண்டு படங்களையும் வாங்கிப் பார்த்தாள். நர்ஸின் தாளில் ஒரு முனை ஒடுங்கி, நகக்கீறல் போல ஒரு வெட்டு, வரிசையாக மூன்று குழிகள். கிழங்கிலும் அப்படியே. அப்பாவின் படம் பன்னிரண்டுக்கும் பொருந்தும்.

"சொந்த அப்பாவை நம்ப மாட்டியா?"

"கிழங்கு விஷயத்துல நம்ப மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப்போனது. அவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. எரிச்சல் மட்டும் தணியவில்லை.

மற்றவர்கள் அவரவர் கிழங்கை எடுத்துக்கொண்டு கிளம்பியபின் மேசையில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அப்பா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுத் தாள் ஒன்றை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நூலகர் சாவியோடு வந்து நின்றார்.

"அப்பா, பூட்டணுமாம்."

"இரு." பத்து நிமிடம் கழித்து, "இதோட ஒரு பக்கம் சப்பைம்மா. முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நானா சொல்லணும்? கையிலதானே வெச்சிருந்தீங்க!" என்று வெடித்தாள்.

அவர் காதில் வாங்கவில்லை. அழித்தார், வரைந்தார், மறுபடி அழித்தார். நூலகரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தாளில் நடுங்கிய கோடுகளுக்குள் அந்தக் கிழங்கு, வேறெதுவும் அல்ல, அதேதான், உருவாகிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?"

"கோணலா இருக்கு."

"கிழங்கே கோணல்தான். சரியாப் பாரு" என்றார் அப்பா.