நான்கு விளக்குகளும் நல்ல நிலையில்

வண்டி வயரிங் பட்டறைக்காரரை எல்லாரும் புரொபசர் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம் அல்ல, அவர் வாய். ஃபியூஸ் போயிருந்தால், போயிருக்கிறது என்று சொல்ல அவருக்கு நாக்கு வளையாது. "மின்னோட்டம் தன்னோட பாதையில ஒரு தடையைச் சந்திச்சிருக்கு" என்பார். வண்டிக்காரன் ஏதோ பெரிய வியாதி என்று பயந்து ஓரமாக நிற்பான்.

அவர் பேச்சைக் கடைசிவரை கேட்கிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் வாகன ஆய்வாளர். வயரைக் கண்டாலே கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிற மனிதர் என்பதால், விபத்து வண்டி எது வந்தாலும் விளக்கைச் சோதிக்க புரொபசருக்குத்தான் ஆள் அனுப்புவார். இன்னொருவர் புரொபசரின் தங்கை கணவர், ஒரு நூலகத்தில் குமாஸ்தா. அவர் செத்து இன்றோடு ஐந்து நாள்.

இன்று சோதிக்க வேண்டியது அவருடைய வண்டியை.

"சொந்தக்காரராச்சே சார், சரியா வருமா?" என்று ஏட்டு கேட்டாராம். "சொந்தக்காரனா இருந்தாத்தான்யா அக்கறையாப் பார்ப்பான்" என்று ஆய்வாளர் சட்டத்தை விளக்கியிருக்கிறார்.

காவல் நிலைய முற்றத்தில் வண்டி சுவரில் சாய்ந்து கிடந்தது. ஹேண்டில் ஒரு பக்கம் திருகிக்கொண்டிருந்தது. டேங்க் உள்ளே போயிருந்தது. இண்டிகேட்டர்கள் நான்கு மட்டும் கீறல்கூட இல்லாமல் ரப்பர் காம்பில் நின்றன. புரொபசரே தேர்ந்தெடுத்து மாட்டிய எல்.ஈ.டி. விளக்குகள். "ஆயுசுக்கும் உழைக்கும் மாப்பிள்ளை" என்று சொல்லித்தான் மாட்டினார். அந்த வாக்கு பொய்க்கவில்லை.

ஆய்வாளர் வருவதற்குள் பார்த்துவிடலாமென்று பையிலிருந்து சோதனை விளக்கை எடுத்தார். பேட்டரியில் உயிர் இருந்தது. வலதுபக்க இண்டிகேட்டரைப் போட்டார். நான்கும் மின்னின. இடதுக்குத் தள்ளினார். நான்கும் மின்னின.

இது அவருக்குப் புதிதல்ல. மாப்பிள்ளை இதைத்தான் மூன்று வாரம் முன்பு பட்டறைக்கு வந்து சொன்னார். அதற்கு முந்தின வாரம் வேறு குறை. விளக்கை மின்ன வைக்கிற பழைய ரிலேயோடு புது விளக்கை மாட்டியதில், இண்டிகேட்டர் கண் துடிக்கிற மாதிரி படபடவென்று அடித்தது. புரொபசர் ரிலேயை மாற்றினார், படபடப்பு அடங்கியது. அப்புறம்தான் இது.

"மச்சான், எந்தப் பக்கம் போட்டாலும் நாலும் மின்னுது."

ஏன் என்று புரொபசருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லிப் பழக்கமும் இல்லை.

"இதுக்குப் பேரு சுற்றுமுழு எச்சரிக்கை. பெரிய வண்டியில மட்டும்தான் வரும். உங்களுக்குச் சும்மா வந்திருக்கு."

"அப்ப நான் எந்தப் பக்கம் திரும்புறேன்னு பின்னால வர்றவனுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க திரும்பினதும் தெரியும்."

மாப்பிள்ளை சிரித்தார். மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வண்டியை எடுத்துப் போனார். நூலகத்தில் நாலு பேரிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பெருமையும் பட்டுக்கொண்டாராம்.

இப்போது புரொபசர் ஹேண்டிலுக்கு நடுவே இருந்த மீட்டரைக் கழற்றினார். இண்டிகேட்டர் போட்டிருப்பதை ஓட்டுகிறவருக்குக் காட்ட, இடதுக்கும் வலதுக்கும் பொதுவாக உள்ளே ஒரே ஒரு குட்டி பல்பு. அதன் ஒரு கால் இடது வயரில், மறு கால் வலது வயரில். அதைப் பிடுங்கிவிட்டு வலதைப் போட்டார். வலது மட்டும் மின்னியது. இடதைப் போட்டார். இடது மட்டும்.

அவ்வளவுதான் விஷயம். பழைய பல்புகள் கரண்டை மடமடவென்று குடிக்கும், குட்டி பல்பு வழியாகக் கசிவது அவற்றுக்குப் பல்லிடுக்குக்குக்கூடப் போதாது. எல்.ஈ.டி.க்கு அந்தக் கசிவே விருந்து. எதிர்ப்பக்கமும் எரிந்துவிடும். கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுகிற டயோடு இரண்டு வைத்திருந்தால் போதும். அரிசிமணி அளவு சாமான். அதுவும் இல்லையா, அந்தக் குட்டி பல்பைப் பிடுங்கிப் போட்டிருந்தாலே ஆயிற்று. பத்து நிமிஷ வேலை.

முற்றத்தின் மறு பக்கத்தில், மாப்பிள்ளையை மோதிய வேனின் ஓட்டுநர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஐந்து நாளாக ஒரே பாட்டு: நாலும் மின்னிச்சு, பழுதாகி நிற்கப்போகிறார் என்று நினைத்து வலப்பக்கமாக ஏறிப் போனேன், அவர் வலதுபக்கமே திரும்பிவிட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த வண்டியில் உண்மையிலேயே நாலும் மின்னும் என்று புரொபசர் சொன்னால் அவனுக்கு ஒரு வழி பிறக்கும். சொல்லாவிட்டால் சிறை.

புரொபசரின் கையில் குட்டி பல்பு இருந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் கதை முடிந்தது. விளக்குகள் ஒழுங்காக மின்னும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருந்த இடத்திலேயே செருகினார். தன் வாயால் சொல்ல வராததை விளக்கே சொல்லட்டும் என்று நினைத்தார். ஆய்வாளருக்குக் கண் இருக்கிறதே.

ஆய்வாளர் வந்தார். கூடவே புரொபசரின் தங்கையும் உள்ளே வந்தாள், கணவரின் பையை வாங்கிப் போக. அண்ணனைப் பார்த்ததும் சுவரோரமாக நின்றுகொண்டாள்.

"போடுங்க புரொபசர்."

வலதைப் போட்டார். நான்கும் மின்னின.

ஆய்வாளரின் படிவத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. முன் வலது, முன் இடது, பின் வலது, பின் இடது. அவர் வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு விளக்கின் முன்னும் நின்று, ஒவ்வொரு கட்டத்திலும் டிக் அடித்தார். எல்லாம் ஒன்றாக எரிந்தால் எங்கே எழுதுவது என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

"அதான் சார்!" வேன்காரன் எழுந்துவிட்டான். "இதேதான் சார். அன்னைக்கும் இப்படியேதான் மின்னிச்சு."

"ஏட்டு, எழுதிக்கோ. இண்டிகேட்டர் எரிஞ்சதைப் பார்த்தேன்னு ஒத்துக்கிறான். பார்த்துட்டுத்தான் ஏறியிருக்கான்."

"ஐயோ, அதில்ல சார். நாலும்…"

"உக்காருடா. நிபுணர் இருக்கையில நீ என்ன?"

ஆனாலும் ஆய்வாளருக்கு எங்கோ உறுத்தியிருக்க வேண்டும். பேனாவை மூடாமல் திரும்பினார். "ஏன் புரொபசர், நாலும் ஒண்ணா மின்னுதே. இது இப்படித்தான் இருக்கணுமா?"

முற்றத்தில் எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். 'இல்லை, நான் தப்பாக மாட்டினேன்' என்றால் தீர்ந்தது. புரொபசர் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். முப்பது வருஷம் ஒரே தடத்தில் ஓடிய வாய். வண்டி தானாகவே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

"அதாவது சார், அறிவிப்பு விளக்கு ரெண்டு மின்சுற்றுக்கும் பொதுவா அமையும்போது, குறைந்த மின்னோட்டத் தேவை உள்ள நவீன விளக்குகள்ல, எதிர்த்திசை ஊட்டம்னு ஒரு நிலை உருவாகுது…"

உண்மையைத்தான் சொன்னார். ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆய்வாளர் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார். புரியவில்லை என்று சொன்னால் ஏட்டு என்ன நினைப்பான்?

"அதைத்தான் நானும் நெனச்சேன்" என்றார் ஆய்வாளர். அடியில் எழுதினார்: நான்கு விளக்குகளும் நல்ல நிலையில். "கையெழுத்துப் போடுங்க."

வேன்காரன் கைகளைக் கூப்பினான். "அண்ணே, நீங்க சொன்னது எனக்கு ஒண்ணும் விளங்கல. ஒரே ஒரு தடவை சாதாரணமாச் சொல்லுங்கண்ணே. நாலும் மின்னுறது தப்புத்தானே?"

புரொபசர் தங்கையைப் பார்த்தார். அவள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடாத முகம்.

"அண்ணா, எனக்கு இந்த வயர் சமாசாரமெல்லாம் வேண்டாம். அவர் கவனமில்லாம திரும்பிட்டார்னு ஆஸ்பத்திரியில ஒருத்தன் சொன்னான். அவர் இண்டிகேட்டர் போட்டாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"போட்டாரும்மா" என்றார் புரொபசர். "சரியாத்தான் போட்டார்."

அவருடைய ஆயுளிலேயே இவ்வளவு சின்ன வாக்கியத்தை அவர் பேசியதில்லை. எல்லாருக்கும் உடனே புரிந்தது. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். செத்தவர் மேல் குற்றமில்லை என்று அண்ணன் வாயால் கேட்டாயிற்று. அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்தால் அது எங்கே போய் இறங்கும் என்று அவருக்குத் தெரியும். படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

தங்கை வேன்காரனுக்கு எதிரே போய் நின்றாள். "தெரிஞ்சேதானே ஏத்தினே? அவர் போட்டது உன் கண்ணுல படலையா?"

அவன் படிவத்தைப் பார்த்தான். புரொபசரைப் பார்த்தான். படித்தவர்கள் இரண்டு பேர், கூட ஒரு முத்திரை. ஐந்து நாள் பிடிவாதம் அவன் முகத்திலிருந்து மெல்ல வடிந்தது.

"இருக்கும்மா" என்றான். "வலது மட்டுந்தான் மின்னிச்சோ என்னமோ. நான்தான் சரியாப் பாக்கலை போல."

ஏட்டு அவன் தோளில் கைவைத்து உள்ளே கூட்டிப்போனார். பத்தடி தூரத்தில் நான்கு விளக்குகளும் இன்னும் மின்னிக்கொண்டிருந்தன.

"அதை அணைங்க புரொபசர்" என்றார் ஆய்வாளர், படிவத்தை மடித்துக்கொண்டே. "வேலை முடிஞ்சுதே."